லைம்லைட்டில் இருப்பது சுண்ணாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒருவர் புகழ் பெற்றால் 'லைம்லைட்டுக்கு வந்தார்' என்று எல்லோரும் எழுதுகிறோம், ஆனால் அந்த லைம் எலுமிச்சை இல்லை, சுண்ணாம்பு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் தீயைச் சுட்ட சுண்ணாம்புக் கட்டி மேல் பாய்ச்சினால், அது வெள்ளை வெளேரென்று ஒளிரும். 1820களில் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் தாமஸ் டிரம்மண்ட் இதை நில அளவைக்குப் பயன்படுத்தினார், 1837-ல் லண்டன் கோவென்ட் கார்டன் நாடக மேடைக்கு வந்தது. கட்டி ஒரே இடத்தில் குழிந்துவிடும் என்பதால் ஓர் ஆள் பக்கத்திலேயே நின்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்கணும், நடிகர் போகும் பக்கமெல்லாம் வெளிச்சத்தையும் நகர்த்தணும், சாதாரண வேலையா அது? அப்புறம் மின்விளக்கு வந்தது, சுண்ணாம்பு போய்ச் சொல் மட்டும் நின்றது.

நாடகத்தில் வளர்ந்த கலைவாணர் பிறந்த ஊர் இது. இங்கே திருவிழா மேடைகளுக்கு விளக்குப் போடுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

– வாசகர், ஒழுகினசேரி, நாகர்கோவில்