செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஓணப் பூக்களத்தில் ஆறுதல் பரிசு. வாசகசாலைக் கூரையில் ஓடு மாற்றினோம், இன்னும் ஒழுகுகிறது.

அடுத்து, "காய்ச்சலுக்கும் வாசகசாலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயற்குழுவில் கேட்கப்பட்ட விஷயம். ஆடி மாதம் மூன்று ஞாயிறு நடந்த காய்ச்சல் வகுப்பைத்தான் சொல்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் என்பதால் நானே எடுத்தேன். பேச்சாளர் செலவு மிச்சம் என்று வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சம்பந்தம் இதுதான். பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு ராத்திரி உடம்பு சுட்டால், ஊசியே கோளாறு என்று கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் பேச்சு. அடுத்த தவணைக்குக் கூட்டிப்போவதில்லை. அந்த ஊசியில் கொல்லப்பட்ட கக்குவான் இருமல் கிருமி இருக்கிறது. செத்தாலும் அதன் வெளித்தோலில் உள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருள், எண்டோடாக்சின், அழிவதில்லை. ரத்த வெள்ளணுவின் மேலிருக்கும் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி, அதாவது கிருமியை அடையாளம் காணும் புரதம், அதைப் பிடித்ததும் அணு இன்டர்லூக்கின் முதலிய சேதிப் புரதங்களைச் சுரக்கிறது. அந்தச் சேதி கிடைத்து மூளை சூட்டை ஏற்றுகிறது. காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டிக்குள் யார் என்று பார்ப்பதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்களே, அது மாதிரி ஏற்பிகள் கிருமிகளின் பொது அடையாளத்தைப் பார்க்கும். டி.எல்.ஆர்.5 கிருமியின் வால் புரதத்தைப் பார்க்கும், டி.எல்.ஆர்.9 அதன் டி.என்.ஏ.வை. தப்பி அணுவுக்குள் கிருமியின் சுவர்த் துணுக்கு நுழைந்தால் உள்ளே நாட்2 என்ற இன்னொரு ஏற்பி இருக்கிறது.

"பிளேட்டை மாற்றிக்கொண்டு வந்தால்?" என்று கேட்டாள் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். பிளேக் கிருமி அதைத்தான் செய்கிறது. மனித உடம்புச் சூட்டில் தன் எண்டோடாக்சினிலுள்ள கொழுப்பின் வடிவத்தை மாற்றிக்கொள்வதால் டி.எல்.ஆர்.4 சரியாக அடையாளம் காண்பதில்லை. இந்த ஒரு கேள்விக்காகவே மூன்று ஞாயிறும் தகும்.

கிருமிகளின் பொது அடையாளத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கவேண்டும் என்று 1989இலேயே எழுதியவர் சார்லஸ் ஜேன்வே என்ற விஞ்ஞானி. 1996இல் ஹாஃப்மன் பழ ஈயிலும், 1998இல் பாய்ட்லர் எலியிலும் கண்டார்கள். 2011இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு. ஜேன்வே 2003இலேயே போய்விட்டார். முதலில் சொன்னவனுக்கு நடப்பது எங்கும் இதுதான் போலிருக்கிறது.

முதல் வாரம் வந்தவர்கள் 23. பிறகு 9. கடைசியில் 4, அதில் ஒருவர் போனுக்கு சார்ஜ் போட வந்தவர். ஆனாலும் விட்டுப்போன இரண்டு குழந்தைகளை ஊசிக்குக் கூட்டி வந்தார்கள் என்று ஆஷா ஒர்க்கர் சொன்னார். மினிட்ஸில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். ஓடு மாற்றியவருக்குக் கொஞ்சம் பாக்கி. வகுப்புக்கு ஆனது சார்ட் பேப்பரும் டீயும் பருப்புவடையும் மட்டுமே. 64 உறுப்பினர்களில் 38 பேர் சந்தா தரவில்லை. வருஷத்துக்கு 120 ரூபாய். சிலருக்கு இது இரண்டாவது ஓணம். வீட்டுக்குப் போனால் "அவர் இல்லையே அண்ணா" என்று பதில் வருகிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது.

நாற்காலி தந்த வார்டு மெம்பருக்கும், கடனுக்கு டீ தந்த கடைக்காரருக்கும் நன்றி.

எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. யாராவது முன்வந்தால் இன்றே சாவியைத் தருகிறேன். வராவிட்டால் மாசியில் வயிற்றுப்போக்கு பற்றி வகுப்பு உண்டு. படம் காட்ட ஒரு டி.வி. வேண்டும். யார் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கிறது என்று தெரியும், பெயர் சொல்லவில்லை. ரசீதுப் புத்தகம் இதோ மேசைமேல் இருக்கிறது.

செயலாளர்