டிராக் டே வண்டிகளுக்கு ஏன் முதலில் பிரேக் வேலை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் எங்கள் பட்டறையைக் குறை சொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கும் ஆடியோவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கேட்டதும் எங்களுக்கே அனுப்பி, "என்னங்க இது, உங்க பட்டறையப் பத்தித்தானே?" என்று விசாரித்தவர்களும் உண்டு. ஆமாம், எங்களைப் பற்றித்தான். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

ஒருவர் 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ கொண்டுவந்தார். செட்டிபாளையம் கரி டிராக்கில் டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாளுக்கு, போகிறேன், ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) பவர் ஏற்றிக் கொடுங்கள் என்றார். நாங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, முதலில் பிரேக், டயர், அப்புறம்தான் ரீமேப் என்றோம். அவர் கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். இதுவரை ஆடியோவில் உள்ளது உண்மை. அதற்கு மேல், "இவங்களுக்கு ரீமேப் தெரியாது, பிரேக்கைக் காட்டிக் காசு பிடுங்கறாங்க" என்று சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. ரீமேப்பில் எங்களுக்குக் கிடைக்கும் கூலி, பிரேக் ஆயில் மாற்றிக் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். காசுதான் குறி என்றால் அன்றைக்கே லேப்டாப்பைச் செருகி, வேலையை முடித்து, சாவியைக் கையில் கொடுத்திருப்போம்.

அந்த வண்டி எப்படி வந்தது என்று சொல்கிறேன். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. டெஸ்டரை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது, அதாவது ஆயிலில் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறிவிட்டது. முன் பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தது. டயரின் பக்கத்தில் தேதிக் குறி 2318, அதாவது 2018-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் இறங்கவே இல்லை. ஆபீஸுக்குப் போய்வர இந்த வண்டி தாராளமாக ஓடும். டிராக்குக்கு ஆகாது.

ஏன் ஆகாது என்பதை அவரிடமும் சொன்னோம், அன்றைக்குக் கேட்கும் மனநிலையில் அவர் இல்லை. உங்களுக்காவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 1,100 கிலோ வண்டியை 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறக்கினால், அந்த வேகம் முழுக்கச் சூடாக மாறி பிரேக்கில்தான் இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 2 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு. அதுவும் மூன்று நான்கு நொடிக்குள். அவினாசி ரோட்டில் ஒருமுறை அப்படிப் பிரேக் அடித்தால் அடுத்த சிக்னல் வரை டிஸ்க்குக்குக் காற்று கிடைத்துவிடும். கரி டிராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர். ஒரு திருப்பம் முடிந்தால் அடுத்தது வந்துவிடும், ஆறுவதற்கு நேரமே கிடையாது.

டாட் 4 என்ற தரத்தில் வரும் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மூடி வைத்தாலும் ஹோஸ் வழியாக உள்ளே போகும். ஈரம் 3.7 சதவீதம் ஆகும்போது, அதே டாட் 4-க்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டிராக்கில் காலிப்பருக்குள் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அந்தச் சூடு வருவது பெரிய விஷயமே இல்லை. ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். ஆயிலை அழுத்த முடியாது, குமிழியை அழுத்த முடியும். நீங்கள் மிதிக்கிற மிதி குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், பேட் டிஸ்க்கைக் கவ்வாது, பெடல் தரை வரை இறங்கும். அப்படி ஒரு பெடலை ஒருமுறை மிதித்தவர் யாரும் "பிரேக் ஆயிலெல்லாம் வீண் செலவு" என்று சொல்ல மாட்டார். இதில் பவரை ஏற்றினால் அதே திருப்பத்துக்கு இன்னும் வேகமாகப் போய்ச் சேருவீர்கள், அவ்வளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

இன்னொன்றும் உண்டு. அந்த போலோவில் இருப்பது உலர் கிளட்ச் உள்ள 7 கியர் டிஎஸ்ஜி பெட்டி, தானாகவே கியர் மாற்றுவது. அது தாங்குவதற்கென்று கம்பெனி வைத்திருக்கும் எல்லை 250 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது கொடுப்பது 175. ரீமேப் செய்தால் அந்த எல்லையை நெருங்கத் தொடங்கும். ரோட்டில் அவ்வப்போது ஒரு ஓவர்டேக்குக்கு மிதிப்பது வேறு, டிராக்கில் இருபது நிமிடம் விடாமல் மிதிப்பது வேறு. ரீமேப் எங்களுக்குப் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன் என்று நாங்கள் பவர் ஏற்றிக் கொடுத்த வண்டிகள் ஊருக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லாமே பிரேக் வேலை முடிந்த பிறகு செய்தவை. அந்த வரிசையை யாருக்காகவும் மாற்றியதில்லை, இனியும் மாற்றுவதாக இல்லை.

பவர் குறைவாக இருந்தால் டிராக்கில் சுகமில்லை என்று நினைப்பவர்களுக்கு நம்ம ஊர்க் கதையையே சொல்லலாம். அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நம்ம நரேன் கார்த்திகேயன் ரேஸில் இறங்கிய புதிதில் ஓட்டியதும் அந்த வகைக் கார்தான். பவர் குறைந்த காரில் திருப்பத்தில் வேகத்தைத் தொலைத்தால் நேர் ரோட்டில் மீட்க முடியாது, அதனால் ஓட்டத் தெரிந்தே ஆக வேண்டும். முன் சக்கரம் இழுக்கிற ஹேட்ச்பேக்கும் அப்படித்தான். திருப்பத்துக்குள் வேகமாக நுழைந்தால் மூக்கு வெளியே ஓடும், பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுற்றும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, நிதானமாகத் திருப்பி, வண்டி நேரானதும் மிதியுங்கள். புதியவர்களுக்கு இந்த ஒரு பழக்கத்தில் குறைகிற நொடிகள், ரீமேப்பில் குறைகிற நொடிகளைவிட அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்களிடம் டிராக் டேக்கு வண்டி விட்டால் என்னென்ன செய்கிறோம் என்பது பழையவர்களுக்குத் தெரியும். பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றி நான்கு சக்கரத்தின் பிரேக் லைனிலும் ஏர் எடுப்போம் (உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவோம்), சூடு தாங்கும் பேட் போட்டு, டிஸ்க்கோடு பொருந்தும்படி ஓட்டிப் பழக்கிக் கொடுப்போம், கூலண்ட், இன்ஜின் ஆயில், சஸ்பென்ஷன் புஷ், ஹோஸ் எல்லாம் பார்ப்போம். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சில்தான் முறுக்குவோம், போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். டிராக்கில் ஒவ்வொரு செஷன் முடிந்ததும் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். டயர் சூடானால் காற்று ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறிவிடும், அதனால் டிராக்கில் இறங்கும் முன் காற்றைக் குறைத்து வைத்து, வந்தபின் அளந்து சரிசெய்ய வேண்டும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூட்டில் பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டிரைவர் பக்க மேட் எல்லாவற்றையும் முன்பே இறக்கிவிடுங்கள். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் ரேஸும் வேகச் சோதனையும் சேராது என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்தது, எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணன். உங்களில் பலருக்கு எங்களைவிட அவரைத்தான் அதிகம் தெரியும். சென்னையில் ஒரு ரேஸ் டீமில் சேர்ந்திருக்கிறார். அவர் கைக்கு அது கிடைக்க வேண்டிய இடம், சந்தோஷமாகத்தான் அனுப்பி வைத்தோம். சண்டை போட்டுக்கொண்டு போனார் என்று அதே ஆடியோவில் ஒரு வரி வருகிறது. அப்படி எதுவும் இல்லை, போன வாரம்கூட ஒரு டர்போ சந்தேகத்துக்கு அவரிடம்தான் போனில் கேட்டோம். அவரிடம் பழகிய தம்பிகள் இருவர் இப்போது வேலையைப் பார்க்கிறார்கள். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், சுத்தமாக நடக்கும்.

வெளிநாட்டு பேட், ஆயில் விலையும் ஏறியிருக்கிறது. அதனால் அடுத்த மாதம் முதல் டிராக் தயாரிப்புக் கூலி 20 சதவீதம் கூடும், டிராக்கில் எங்கள் ஆள் வந்து நிற்கும் சேவை இப்போதைக்கு இருக்காது.

இந்த ஒரு வாரத்தில் எங்களுக்காகப் பேசியவர்களை மறக்க முடியாது. அந்த குரூப்பிலேயே தன் பழைய பில்லைப் போட்டு, "எனக்கு ரீமேப் வேண்டாம்னு சொல்லி அனுப்புனதே இவங்கதான், இன்னைக்கு வரைக்கும் வண்டி நல்லா ஓடுது" என்று எழுதிய பொள்ளாச்சி ஸ்விஃப்ட்காரருக்கு நன்றி. மழையில் நனைந்துகொண்டே பட்டறைக்கு வந்து, டீ வாங்கிக் கொடுத்து, "விடுங்கண்ணா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போன காலேஜ் பையன்களுக்கும் நன்றி. லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் ஒற்றை ஷட்டரோடு ஆரம்பித்தபோது எங்களை நம்பி வண்டி விட்டவர்கள் நீங்கள். உங்களால்தான் இந்தத் தொழில் நிற்கிறது.

அந்த போலோ நண்பருக்கும் ஒன்று. உங்கள் மேல் எங்களுக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. எப்போது வந்தாலும் பிரேக் ஆயிலைக் காசு வாங்காமல் டெஸ்டரில் பார்த்துச் சொல்கிறோம். மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் விருப்பம். மாற்றாமல் கரி டிராக்குக்கு மட்டும் போக வேண்டாம்.

மற்றவர்கள் டிராக் டே தேதி தெரிந்ததும் பத்து நாள் முன்பே வண்டியை விட்டுவிடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கொண்டுவந்தால் பேட் பழக்க நேரம் இருக்காது. ஞாயிறு விடுமுறை.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்,
கோவை