அந்த வால்வ் றேடியோவின் வயிற்றைக் கிழிக்காதேயும், தம்பி

தம்பிக்கு,

ஏ9 வீதியோரச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், காசு வாங்கும் மேசையில் அலங்காரமாக வைக்கவென்று ட்ரான்சிஸ்டருக்கு முந்தின, கண்ணாடிக் குழல் வால்வுகளில் ஓடும் ஒரு பழைய வால்வ் றேடியோவை உம்மிடம் தந்திருக்கிறார். உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஒரு புளூடூத் போர்ட்டும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் பூட்டித் தரட்டாம். நீரும் படம் அனுப்பி, "அண்ணை, உள்ளுக்குள்ள இருக்கிற சாமான் உங்களுக்குத் தேவைப்படுமோ?" என்று கேட்டிருந்தீர். தேவைதான், அந்தப் பெட்டிக்கே தேவை. பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். இதே மாதிரி வேலை கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வேறு கடைகளுக்கும் வரத் தொடங்கிவிட்டது என்று கேள்வி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேக்கலைற் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்ரிக் பெட்டி. அதனால்தான் கறையான் விட்டுவைத்திருக்கிறது. வன்னியில் மரப்பெட்டி றேடியோ முழுசாகக் கிடைப்பது அருமை. வெளியே பொலிஷ் பளபளக்கும், தட்டிப்பார்த்தால் உள்ளே மண் கொட்டும். உம்முடைய பெட்டியில் ஸ்பீக்கர் மூலையில் குளவி கூடு கட்டியிருக்கிறது, வால்வெல்லாம் பூட்டியிருக்கும் சேசிஸ் தகட்டில் இரண்டு பல்லி முட்டை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதெல்லாம் தூரிகையோடு போய்விடும். வால்வுகளின் எழுத்தையும் வாசிக்க முடிந்தது: யூசிஎச் 81, யூபிஎஃப் 89, யூபிசி 81, யூஎல் 84, யூவை 85. ஐந்தும் அதது தன் இடத்தில் நிற்கிறது. அப்படி ஒரு பெட்டி இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்?

ஏன் மிஞ்சவில்லை என்பதில் பாதிக் கதை உமக்கே தெரியும். மீதி உமக்கு முந்தின காலம். இரணைமடுக் குளத்தின் கீழே காணி கிடைத்து வந்து குடியேறியவர்களில் அநேகருக்கு வீட்டில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாத வீட்டுக்கென்றே அந்தக் காலத்தில் பற்றரி வால்வ் றேடியோ இருந்தது. வால்வுக்கு 90 வோல்ற்றில் ஒரு பெரிய பற்றரி, அதைச் சூடாக்கும் இழைக்கு ஒன்றரை வோல்ற்றில் இன்னொன்று. 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் தொடங்கிய வானொலி, 1950இல் வர்த்தக ஒலிபரப்பையும் தொடங்கியது. பிறகென்ன, அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் கேட்க ஒரு வீட்டு முற்றத்தில் அயல் முழுக்கக் கூடும். ட்ரான்சிஸ்டர் வந்ததும் இந்தப் பெட்டிகள் மூலைக்குப் போயின.

1990க்குப் பிறகு மின்சாரமும் போய், பற்றரியும் தடைசெய்த சாமானாகிவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் பிபிசி தமிழோசை கேட்டோம். ஒருவர் சுற்ற, நாலு பேர் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். டைனமோ தருகிற 6 வோல்ற் ட்ரான்சிஸ்டருக்குக் காணும், வால்வுக்குக் காணாது. ஆகவே செப்புக் கம்பிக்காகச் சில வால்வ் றேடியோக்களைப் பிரித்தார்கள். மிச்சம் இடப்பெயர்வில் போனது. உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூட்டை, கூரைத் தகரம், சைக்கிள் எல்லாம் ஏற்றின பிறகு, பாடாத றேடியோவை யார் ஏற்றுவார்? 2009க்குப் பின் பழைய இரும்பு வாங்க வந்த லொறிகள் கடைசி மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு போயின. அதெல்லாம் தாண்டி வந்த பெட்டியை, ஆயிரம் ரூபாய் போர்ட்டுக்காக நாம் வெறுங்கோது ஆக்குவதா?

சரி, வேலைக்கு வருவோம்.

நீர் 5 வோல்ற் சாமான்களோடு பழகின ஆள், அதனால் உயிர் விஷயத்தை முதலில் சொல்கிறேன். யூ எழுத்தில் தொடங்கும் இந்த வால்வ் செற் உள்ள பெட்டியில் மெயின் ட்ரான்ஸ்போமர் கிடையாது. ஐந்து வால்வின் இழைகளும் கோயில் திருவிழாத் தோரண பல்ப் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். ஒரே 100 மில்லி அம்பியர் எல்லாவற்றுக்குள்ளாலும் ஓடும். யூசிஎச் 81க்கு 19 வோல்ற், யூபிஎஃப் 89க்கு 19, யூபிசி 81க்கு 14, யூஎல் 84க்கு 45, யூவை 85க்கு 38. கூட்டினால் 135. மெயின் 230 என்றால் மிச்சம் 95 வோல்ற்றை ஒரு பெரிய தடை சூடாக்கித் தின்னும், ஒன்பது வாட்டுக்கு மேல். அதனால்தான் அதற்குப் பக்கத்துப் பேக்கலைற் நிறம் மாறியிருக்கிறது.

மெயின் வயரில் ஒன்று நேரே சேசிஸ் தகட்டில் ஒட்டியிருக்கும். இரண்டு கால் பிளக்கை மாறிச் செருகினால் தகடு முழுக்க 230 வோல்ற். குமிழைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியில் விரல் பட்டாலே போதும். இந்தத் தகட்டிலிருந்து ஓக்ஸ் வயர் இழுத்துப் போனில் செருகினால், போன் வைத்திருக்கிறவரின் கை மெயினில் இருக்கிறது. யூடியூப்பில் சிரித்துக்கொண்டே இதைச் செய்து காட்டுகிறார்கள், பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே என்று துணியாதேயும். மெயினோடு நேரடித் தொடர்பை அறுக்கிற ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் திறந்த பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கவே வேண்டாம், என்னுடையதைத் தருகிறேன். பின்பக்க மட்டையும் ஆட்களை மின்சாரத்திலிருந்து காப்பதற்குத்தான் இருக்கிறது, தொலைக்காமல் வையும். தகட்டுக்கு நிலவயரும் கொடுக்காதேயும், மெயினையே நிலத்துக்குக் கொடுத்ததாகிவிடும்.

கடைக்காரர் ஏற்கெனவே செருகிப் பார்த்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். முதல் தடவை கொடுக்கும்போது 60 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் போடும். எல்இடி பல்ப் உதவாது. தொடக்கத்தில் பிரகாசமாக எரிந்து பிறகு மங்கினால் சரி. மங்காமல் நின்றெரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட், உடனே நிறுத்தும்.

அதற்கும் முன்னால் கப்பாசிற்றர். மெழுகு பூசின காகிதக் கப்பாசிற்றர்களில் ஒன்றையும் நம்பாதேயும், எத்தனையோ மாரியில் ஈரம் குடித்தவை. எல்லாவற்றிலும் முதல் மாற்ற வேண்டியது யூபிசி 81இன் அனோட் என்ற வெளியேறும் முனையிலிருந்து யூஎல் 84இன் கிரிட் என்ற உள்வாங்கும் முனைக்குப் போகிறது. பெரும்பாலும் 0.01 மைக்ரோபாரட் என்று எழுதியிருக்கும். பாட்டைப் போகவிட்டு நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. ஒழுகத் தொடங்கினால் கிரிட்டில் நேர் (பொசிட்டிவ்) வோல்ற் ஏறும், யூஎல் 84 அளவுக்கு மேல் இழுக்கும், கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் மெல்லிய கம்பி அறும். ஐந்து வால்வையும் தேடிப் பிடிக்கலாம், அந்த ட்ரான்ஸ்போமருக்கு எங்கே போவது? சோதிப்பது லேசு. கிரிட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மீற்றரை வையும், பூச்சியம் காட்ட வேண்டும். ஒரு வோல்ற் நேராகக் காட்டினாலும் சந்தேகப்படும். சில வேளை வால்வே கெட்டு அப்படிக் காட்டும். வேறு பெட்டியென்றால் வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். இதில் ஒன்றைக் கழற்றினால் தோரணம் முழுக்க அணைந்துவிடும். கப்பாசிற்றரின் ஒரு காலைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

புதிதாகப் போடுவது 630 வோல்ற் பொலியெஸ்டர். பழைய காகிதக் குழலைச் சூடாக்கி, குடலை எடுத்துவிட்டு, புதியதை அதற்குள் வைத்து மெழுகால் மூடுகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். என் பெட்டிகளுக்கு நானும் செய்வேன். சாப்பாட்டுக் கடைக்கு அந்தச் சிரமம் வேண்டாம். மெயினுக்குக் குறுக்கே நிற்பதற்கு மட்டும் எக்ஸ்2 வகை, ஏரியல் சொக்கற்றில் இருப்பதற்கு வை வகை. அவை பழுதானால் ஆளைக் கொல்லும், விலை பார்க்காதேயும். பெரிய எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றரை அதில் எழுதியிருக்கும் அளவிலேயே போடும். கூட்டிப் போட்டால் இரைச்சல் குறையும் என்று ஆசை வரும், சுவிட்ச் போட்டதும் அது நிரம்பும் முதல் அடியை, மெயினை நேர்மின்னோட்டமாக்குகிற யூவை 85 தாங்காது. நிறுத்தின பிறகும் அதில் 200 வோல்ற் அளவில் நிற்கலாம். திருகாணிச் சாவியால் பொறி பறக்க ஷோர்ட் பண்ணாமல் ஒரு தடையால் இறக்கும்.

ஈயம் ஒட்டுகிற உம்முடைய மெல்லிய அயன் இந்தத் தகட்டில் ஈயத்தை உருக்காது, 60 வாட் அயன் வேண்டும். சூடான காற்றால் ஈயம் உருக்குகிற ஹொட் எயாரைப் பக்கத்திலேயே கொண்டுவராதேயும். சின்ன அலுமினியக் கூட்டுக்குள் திருகாணி மாதிரித் தெரிகிறதே, அதைத் தொட்டீரென்றால் பிறகு எனக்குப் போன் எடுக்க வேண்டாம். தொழிற்சாலையிலேயே சரியான அலைவெண்ணுக்கு வைத்துவிட்ட இடைநிலைச் சுருள்கள் அவை. நூறு பெட்டியில் தொண்ணூறுக்கு அவற்றில் பிழை இருக்காது. திருகினால் உள்ளே இருக்கும் கரு பிளந்து போகலாம்.

டயல் கண்ணாடியின் முன்பக்கத்தை மட்டும் துடையும். ஊர்ப் பெயரும் கோடும் பின்பக்கத்தில் அச்சடித்தவை, ஈரத் துணி பட்டால் கொழும்பும் டெல்லியும் துணியோடு வந்துவிடும். டயல் நூல் அறுந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. முல்லைத்தீவில் மீன்பிடித் தங்கூசி மலிவுதான், ஆனால் அது இழுபட்டு வழுக்கும், ஊசி ஓரிடம் குமிழ் ஓரிடம் நிற்கும். பின்னின நைலோன் நூல் போடும். பேக்கலைற்றுக்குக் கொஞ்சம் பிராசோ, மென்மையான துணி, பொறுமை. ஸ்பிரே பெயின்ற் அடித்தீரென்றால் எங்கள் உறவு அதோடு முடிந்தது. மூலையில் உள்ள வெடிப்பை அப்படியே விடும், அது அந்தப் பெட்டி பட்டபாடு.

கடைக்காரருக்குப் போனிலிருந்து பாட்டு வேண்டும், அவ்வளவுதானே? புளூடூத்தில் வாங்கி மத்திய அலையில் (மீடியம் வேவ்) விடுகிற ஒரு குட்டி ஒலிபரப்பியைத் தனிப் பெட்டியில் செய்து கொடும். பற்றரியில் ஓடட்டும், றேடியோவோடு எந்த வயரும் சேர வேண்டாம். ஏரியலாக ஒரு முழம் கம்பி காணும், ஒரு மேசைக்கு மேல் அது எட்டவும் கூடாது. றேடியோ தன் பாட்டுக்கு அதைப் பிடித்துப் பாடும், வால்வும் எரியும், டயலும் வெளிச்சம் காட்டும். சுவிட்ச் போட்டு அரை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லி வையும், இல்லாவிட்டால் "பழுது" என்று திருப்பிக்கொண்டு வருவார்.

கொடுக்க முதல் ஒரு இரவு உம்முடைய வீட்டில் வைத்துக் கேளும். எல்இடி பல்ப், போன் சாஜர், சோலர் இன்வேட்டர் எல்லாவற்றையும் நிறுத்தும், மத்திய அலைக்கு இப்போது அவைதான் எமன். மாமரத்தில் பத்து மீற்றர் வயரை இழுத்துவிட்டு 1053 கிலோஹேர்ட்ஸ் பக்கம் திருப்பினால் தூத்துக்குடி வானொலி வரும். எஃப்எம் தேடாதேயும், இந்தப் பெட்டிக்கு அது தெரியாது.

கூலி எவ்வளவு கேட்பது என்றும் கேட்டிருந்தீர். புளூடூத் வேலைக்குச் சொன்ன காசின் இரண்டு மடங்கைக் கேளும், சாமான் செலவு தனி. சம்மதிக்காவிட்டால் அவர் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த விலையை நான் தருகிறேன், அலங்காரத்துக்கு வெறுங்கூடு ஒன்றும் சும்மா தருகிறேன், அதற்குள் எதை வேண்டுமானாலும் பூட்டும். சம்மதித்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவாரும், மோட்டார் சைக்கிளில் கட்டாதேயும். யூஎல் 84 ஒன்று மிச்சம் இருக்கிறது, ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமரும் இங்கேதான். மத்தியானம் சாப்பிட்டுப் போகலாம்.

அன்புடன்,
அண்ணை