சீஸில் இருந்த ஆட்டுக்குட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நண்பர்கள் நால்வர் தஞ்சோங் பகாரில் ஓர் இத்தாலிய உணவகத்துக்குப் போனோம். எங்களில் ஒருவருக்கு 65வது பிறந்தநாள். அவர் மகள்தான் இணையத்தில் இடம் பிடித்து, முன்பணமும் கட்டி, “அங்கிள், சிலிப்பர் போட்டுக்கிட்டுப் போயிடாதீங்க” என்று என்னிடம் தனியாகச் சொல்லி வைத்தாள்.

நால்வரும் 1970களில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளி அது. மேக்ஸ்வெல் சாலையில் இருந்தது. அந்த வட்டாரத்துக் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் கோலி விளையாடியவர்களுக்கு முகவரி ஒரு சிரமமா? ஆனால் கடையைத்தான் காணோம். பெயர்ப்பலகை கிடையாது, கதவும் சுவரின் நிறத்திலேயே இருந்தது. இரண்டு முறை கடந்து போய்விட்டு, பூண்டு வாசத்தை வைத்துத்தான் பிடித்தோம்.

உள்ளே மேசையே இல்லை. திறந்த சமையல்கட்டைச் சுற்றி ஒரு நீளப் பலகை, அதை ஒட்டி உயரமான ஸ்டூல்கள். முழங்கால் வலிக்காரர் நால்வரும் ஏறி உட்கார்ந்ததே ஒரு நிகழ்ச்சி. புராட்டா சீஸின் மேல் கறிவேப்பிலை எண்ணெய் ஊற்றித் தந்தார்கள். டிராமிசு இனிப்பு கோப்பிக்கடைக் கோப்பையில் வந்தது, குலா மலாக்கா என்ற பனைவெல்லம் போட்டு. நன்றாகவே இருந்தது. குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

விஷயம் இதுதான். எங்களில் ஒருவர் பதினாறு ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தபோது கவிச்சியை விட்டவர். அதன்பிறகு முட்டைகூடத் தொட்டதில்லை. கைப்பேசியில் கியூஆர் மெனுவைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, பக்கத்தில் பச்சை நிறத்தில், சைவம் என்பதற்கான ‘வி’ போட்டிருந்த ஸ்பகெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சீஸும் மிளகும் மட்டும் சேர்ந்த ரோமாபுரிப் பண்டம். விலை 28 வெள்ளி. பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதன் மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி, ஆக 33 வெள்ளி 57 காசு. யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு போனார்கள் என்று அகநானூற்றில் ஒரு பாட்டு உண்டு, தமிழாசிரியர் நடத்தியிருக்கிறார். இப்போது நாம் பொன்னைக் கொடுத்து அதே மிளகைத் திரும்ப வாங்குகிறோம் என்று சிரித்துக்கொண்டோம்.

இன்னொரு நண்பர் கடையநல்லூர்க்காரர். ஹலால் சான்றிதழ் இல்லாத இடத்தில் இறைச்சி தொடமாட்டார். மீனோ காய்கறியோ என்றால் விசாரித்துவிட்டுச் சாப்பிடுவார். விசாரிப்பது என்றால் சும்மா இல்லை. வைன் ஊற்றினீர்களா, பன்றிக்கொழுப்பு பட்ட சட்டியா, கரண்டி வேறா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், கூச்சமே கிடையாது. அன்றைக்கும் பரிமாறிய பெண்ணிடம் கேட்டுக்கொண்டே வந்து, “இந்த சீஸில் எதைப் போட்டுப் பாலைத் திரிய வைக்கிறார்கள்?” என்று கேட்டார். அந்தப் பெண் சமாளிக்கவில்லை. “தெரியலை அங்கிள், கேட்டுட்டு வர்றேன்” என்று போனாள். சமையற்காரரே கையில் ஒரு சீஸ் துண்டோடு வந்துவிட்டார். பெக்கொரினோ ரோமானோ. செம்மறியாட்டுப் பால். திரிய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்.

காவடி எடுத்தவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பாதித் தட்டு காலியாகியிருந்தது.

நாம் பாலுக்கு மோரை உறை ஊற்றுகிறோம், பனீருக்கு எலுமிச்சை பிழிகிறோம். அதனால் சீஸ் என்றால் பால்தானே என்று இருந்துவிடுகிறோம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இன்னோர் இத்தாலிய சீஸிலும் அதே கதைதான், அதில் கன்றுக்குட்டி. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அப்படித்தான் செய்யவேண்டும் என்பது அவர்கள் ஊர் விதி. சமையற்காரர் ஒளிக்கவில்லை. அவர் ஊரில் ‘வி’ என்றால் இறைச்சியும் மீனும் இல்லை என்றுதான் பொருளாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெய் மட்டும் போட்டு வேறொரு தட்டு செய்தார். கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையையும் பொரித்துப் போட்டார். நண்பர் அதைப் பேசாமல் சாப்பிட்டார். “அம்மா தாளிச்ச மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

உணவகக்காரர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ‘வி’ போடும் இடத்தில், சீஸில் விலங்கு ரென்னெட் உண்டா இல்லையா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கொட்டைகள், இறால், சிப்பி என்று ஒவ்வாமைக்கு அவ்வளவு எழுதுகிறீர்களே, இதற்கும் இடம் இருக்கும். இந்தியப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளியைப் பார்த்தே பழகிய எங்களுக்கு, பச்சையில் எதைப் பார்த்தாலும் நம்பிக்கை வந்துவிடுகிறது.

நம்மவர்களுக்கும் ஒன்று. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்கக் கூசுகிறோம். “ஒன்லி வெஜிடபிள்” என்று சொல்லிவிட்டு, தட்டில் வந்ததைத் தின்றுவிட்டுப் போகிறோம். கடையநல்லூர்க்காரர் கேட்டிருக்காவிட்டால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது. அவர் கேட்டதும் தனக்காகத்தான். (பில் வந்ததும் அதையும் விசாரித்தார். ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கூடுதலாகப் போட்டிருந்தார்கள்.)

போன வாரம் காவடி நண்பர் பேரங்காடியிலிருந்து அழைத்தார். சீஸ் அடுக்கின் முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரமாக நிற்கிறாராம். பேத்தி பீட்சா செய்யப் போகிறாளாம். “டேய், ஒண்ணு கிடைச்சிருச்சுடா. மைக்ரோபியல்னு போட்டிருக்கு, அது நமக்கு ஆகும்தானே?” என்றார். நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்தான் அது, ஆகும் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தெலுக் பிளாங்கா