பரல் நிறைந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்து புயல் மழைக்காலம் வந்துவிட்டால் திருகோணமலையில் கூரைத் தகரத்தையும் முற்றத்து முருங்கையையும் பற்றித்தான் பேச்சு. குடிதண்ணீரை யாரும் நினைப்பதில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் இந்தக் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் பரல் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் அது பழைய பெயின்ற் பரல். கழுவலாம், குளிக்கலாம், குடிக்க முடியாது. விடிந்தபோது குழாயில் ஒரு சொட்டும் இல்லை. மகளுக்குப் பால் கரைக்கப் பக்கத்து வீட்டு அக்காதான் ஒரு கேத்தில் தண்ணீர் தந்தார். அதை இன்றும் மறக்கவில்லை.

நகரத்துக்குத் தண்ணீர் வருவது கந்தளாயிலிருந்து, ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தாண்டி. வழியில் குழாய் உடைந்தாலும் மின்சாரம் நின்றாலும் நம் வீட்டுக் குழாய் காய்ந்துவிடும். சரி, கிணறு இருக்கிறதே என்றால், வெள்ளம் ஏறும்போது மலசலகூடக் குழியின் அழுக்கும் அதில் கலக்கிறது. 2004 சுனாமியில் கரையோரக் கிணறுகள் உப்பேறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் என்று வைத்தாலும், ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு 45 லீற்றர் வேண்டும். 20 லீற்றர் கான் இரண்டும் சில போத்தல்களும் போதும், பெரிய செலவில்லை. உணவுக்கென்றே செய்த கானாக இருக்க வேண்டும். இறுக்கமான மூடியோடு வெயில் படாத மூலையில், மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது. கைவிட்டு மொள்ளக் கூடாது, சரித்து ஊற்ற வேண்டும்.

மூடி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2017இல் கிண்ணியாவை டெங்கு எப்படி வாட்டியது என்பது தெரியும். அந்த நுளம்பு தேடுவது சேமித்த நல்ல தண்ணீரைத்தான். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தண்ணீரில் கிருமி சாகக் குளோரின் கலக்கும் அளவில்தான் பலருக்கும் குழப்பம். கடையில் கிடைப்பவை எல்லாம் ஒரே செறிவில் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரிடம் கேட்டு, கானுக்கு எவ்வளவு, கிணற்றுக்கு எவ்வளவு என்று மாரி மழைக்கு முன்னரே உங்கள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
உவர்மலை, திருகோணமலை.