நொடித்துப்போனவர் அல்லர் எங்கள் அண்ணாச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை நடத்திவந்த எங்கள் முதலாளி காலமான செய்தி, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஐந்து வரிகளில் வெளிவந்திருந்தது. 'காலத்துக்கேற்ப மாறத் தெரியாமல் தொழிலில் நொடித்துப்போன அவர்' என்று அதில் ஒரு தொடர். அவரிடம் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நொடித்துப்போனவர் என்றால், கொடுக்கவேண்டியதைக் கொடுக்க முடியாமல் கைவிரித்தவர் என்றுதான் எங்கள் பக்கத்தில் பொருள். 2022 மார்ச்சில் ஆலையை மூடியபோது அண்ணாச்சி தம் தோட்டத்தை விற்று, அட்டைக்காரர், மெழுகு வியாபாரி, குச்சி அனுப்பியவர் என்று அத்தனை பேருடைய பாக்கியையும் தீர்த்தார். அறுபத்துநான்கு பெண்களுக்கும் பணிக்கொடையை எண்ணிக் கையில் கொடுத்தார். கடைசி ரசீது வரை கோப்பில் கோத்து வைத்தவன் நான். தங்கள் செய்தி வந்த மறுநாள், துக்க வீட்டுத் திண்ணையில் ஒருவர் வந்து உட்கார்ந்து, தமக்கு ஏதேனும் வரவேண்டியிருக்கிறதா என்று பேரேட்டைப் பார்க்கச் சொன்னார். 2019-லேயே நேர்செய்த கணக்கு அது. உள்ளே இருந்த முதலாளியம்மாவின் காதில் அந்தக் கேள்வி விழுந்துவிட்டது. அதை நான் எந்த ரசீதைக் காட்டி அழிப்பேன்?

மாறத் தெரியாதவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தீக்குச்சியின் முனையில் மருந்து முக்குவதற்குக் கடன் வாங்கி இயந்திரம் போட்டவர் அவர். 2017-ல் சரக்கு சேவை வரி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மருந்து முக்குவது போன்ற ஒரு வேலைக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினாலும் 18 சதவீதம் என்று ஆனதைத் தாங்கள் அறிவீர்கள். மாறியதற்காகவே கூடுதல் வரி கட்டியவரை மாறாதவர் என்பது எப்படிப் பொருந்தும்? 2020 ஏப்ரலில் எல்லோருக்கும் 12 சதவீதம் என்று ஆக்கினார்கள். அதற்குள் மூன்று ஆண்டுகள் அவர் கைப்பணம் கரைந்திருந்தது.

அட்டையும் மெழுகும் பொட்டாசியம் குளோரேட்டும் ஏறிக்கொண்டே போக, பெட்டியின் விலை மட்டும் 2007 முதல் பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்றது. 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனபோது தங்கள் இதழ் பொதுமக்களின் அதிர்ச்சியைத்தான் எழுதியதே தவிர, அந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பற்றி எங்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்குத் தங்கள் நிருபர் வந்ததெல்லாம் எங்கேனும் தீப்பிடித்த நாள்களில்தான். பிளாஸ்டிக் லைட்டர்கள் பெட்டிக்கடைதோறும் தொங்கிய காலத்தில் தடை கேட்டு நாங்கள் அனுப்பிய மனுக்களின் நகல் தங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை 2023 ஜூனில் வந்தது. அப்போது எங்கள் ஆலைக்குப் பூட்டுப் போட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஒவ்வொரு நாளும் அனுப்பும் பண்டல்களில் ஒன்றைப் பிரித்து, அறுநூறு பெட்டிகளில் ஏதேனும் ஒன்றை எடுத்து, ஒரு குச்சியை உரசி, அது விரலைச் சுடும்வரை பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பாதியில் அணைந்தால் அந்தச் சரக்கு லாரி ஏறாது. அவருடைய வலக்கைப் பெருவிரல் நகத்தின் ஓரம் எப்போதும் கறுத்தே இருக்கும். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டிய அன்றும் அது வெளுக்கவில்லை.

அவருக்குத் தனியே கட்டுரை எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'நொடித்துப்போன' என்ற சொல் தவறு என்று, அதே மாவட்டப் பக்கத்தில் இரண்டு வரி வெளியிட வேண்டுகிறேன். வயது 76 என்று அச்சாகியிருந்தது; அவருக்கு 71. அதையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள். பதினாறாம் நாள் காரியம் வரும் வெள்ளிக்கிழமை. அதற்கு முன் வெளிவந்தால் அம்மாவிடம் படித்துக் காட்டுவேன்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்கர்,
கோவில்பட்டி.