பனிச்சறுக்குச் சரிவில் கீழே இருப்பவருக்கே முதல் உரிமை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் கொரியாவுக்கும் பனிச்சறுக்கப் போகும் நம் குடும்பங்கள் குளிராடை, கையுறை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகின்றன. சரிவில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளாமலே லிஃப்டில் ஏறிவிடுகிறார்கள்.

அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் நடத்தை விதிகள் பத்து. அவற்றில் உயிர்காக்கும் விதி, மேலிருந்து வருபவரே கீழே இருப்பவரை விட்டு விலகிப் போக வேண்டும் என்பது. கீழே இருப்பவர் எந்த நொடியிலும் இடமோ வலமோ திரும்பலாம். அதற்கும் இடம் விட்டே முந்த வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்குபவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறார். முன்னால் ஒரு குழந்தை விழுந்தால் யோசிக்கவே நேரம் இருக்காது. நேர்கோட்டில் இறங்க எவராலும் முடியும், நிற்கத்தான் கற்க வேண்டும். பயிற்றுநர்கள் பிள்ளைகளுக்கு ‘பீட்சா’ என்று சொல்லித்தரும், பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை விரிக்கும் வி வடிவ நிறுத்தம், ஆக எளிதான பச்சைத் தடத்தில் போதும். செங்குத்தான இடத்தில் கால்கள் அகன்றுகொண்டே போகும், வேகம் குறையாது. ஜப்பானில் பச்சைக்கு அடுத்தது பெரும்பாலும் சிவப்புதான். ஐரோப்பாவின் சில நாடுகளில் உள்ளதுபோல் இடையில் நீலம் இருக்கும் என்று நம்பி ஏற வேண்டாம்.

நாம் அதிகம் செய்யும் தவறு இன்னொன்று: படம் எடுக்கத் தடத்தின் நடுவில், அதுவும் மேட்டுக்குச் சற்றுக் கீழே, கூட்டமாக நிற்பது. மேட்டைத் தாண்டி வருபவருக்கு நாம் கண்ணில் படவே மாட்டோம். ஓரமாக, மேலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நில்லுங்கள். விழுந்தாலும் முடிந்தவரை சீக்கிரம் ஓரத்துக்கு நகருங்கள்.

வாடகைக் கடையில் நிரப்பும் படிவத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், திறன் நிலை ஆகியவற்றைக் கொண்டுதான், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதைக் கணக்கிடுகிறார்கள். கௌரவத்துக்காக ‘தேர்ந்தவர்’ என்று குறித்தால் அந்த அளவு கூடிவிடும். விழும்போது பலகை காலைவிட்டுக் கழலாது. நீண்ட பலகை நெம்புகோல்போல் முறுக்க, முழங்கால் தசைநார் கிழியும், சில வேளை கீழ்க்கால் எலும்பே முறியும். எடையைக் குறைத்துச் சொன்னால் நடுவழியில் தேவையில்லாமல் கழன்றுவிடும். பிள்ளைகளின் எடையை ஊகிக்காமல் புறப்படுமுன் நிறுத்துப் பாருங்கள். பூட்ஸுக்கு அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிய பிறகே பைண்டிங்கில் கால் வையுங்கள், இல்லாவிட்டால் அது சரியாகப் பூட்டாது. காலுறை ஒன்று போதும். இரண்டு போட்டால் மடிந்து வலிக்கும், பூட்ஸும் காலைப் பிடிக்காது.

தடத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டி மரங்களுக்குள் போவதை வீரமாக நினைக்கும் இளையர்களின் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். ஹொக்கைடோவின் நிசெகோ பனிச்சறுக்குத் தலத்தில் எல்லைக்கு வெளியே போக வாயில்கள் உண்டு. அவை மூடியிருந்தால் காரணம் பெரும்பாலும் மலையிலிருந்து பனி சரிந்து விழும் ஆபத்து. மரத்தின் அடியில் கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும். அதில் தலைகீழாக விழுபவர் தாமாக வெளியே வருவது மிகக் கடினம், மூச்சுத் திணறியே இறக்க நேரிடும். டிசம்பர் தொடக்கத்தில் பனி ஆழமில்லாததால் மூங்கில் புதரும் பாறையும் மறைந்திருக்கும். இப்படித் தடத்துக்கு வெளியே நேரும் விபத்துக்குப் பல பயணக் காப்புறுதிகள் பணம் தருவதில்லை.

மோதிவிட்டால் நின்று உதவி செய்து பெயரும் முகவரியும் கொடுப்பது கடைசி இரண்டு விதிகள். காயம்பட்டவருக்கு மேற்புறத்தில் இரு பலகைகளைக் குறுக்காக ஊன்றினால் மேலிருந்து வருபவர்கள் விலகிப் போவார்கள். இப்படி நம்மால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு ஈடுதரும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, இத்தாலியில் பனிச்சறுக்குபவர்களுக்கு 2022 முதல் கட்டாயம்.

நம் பயண முகவர்கள் இந்தப் பத்து விதிகளையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுப் பயணச்சீட்டோடு கொடுக்கலாம். முதல்முறை போகிறவர்களின் கட்டணத்தில் தலைக்கவச வாடகையையும் முதல் நாள் பயிற்சியையும் விருப்பத்துக்கு விடாமல் சேர்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
செங்காங்